பொங்கல் கொத்து மஞ்சள் குழம்புக்கு ஆகுமா?

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "பொங்கலுக்குப் பெரிய மார்க்கெட்டில் இரண்டு மஞ்சள் கொத்து வாங்கினேன். படைத்து முடிந்ததும் கிழங்கைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. இதைச் சமையலுக்குப் போடலாமா? போன வருஷம் வெயிலில் காயவைத்து அரைத்துப் பார்த்தேன். மண் வாசனை அடித்தது, கடைப்பொடி மாதிரி நிறமும் வரவில்லை. அப்படியானால் கடைப்பொடியில் ஏதாவது கலக்கிறார்களா?"

ஆகும், தாராளமாகப் போடலாம். கொத்து மஞ்சளும் மளிகைக் கடையில் கிடைக்கிற விரலி மஞ்சளும் ஒரே செடிதான். போன வருஷம் உங்களுக்கு மண் வாசனை வந்ததற்குக் கிழங்கைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் அதை வேகவைக்கவில்லை. மஞ்சளை வேகவைத்துத்தான் காயப்போட வேண்டும் என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. தெரியாததில் ஆச்சரியமும் இல்லை. ஈரோட்டுப் பக்கம் தெருவுக்குத் தெரு மஞ்சள் காய்கிறது. நம் கடற்கரையில் மஞ்சளைக் கொத்தாகத்தான் பார்க்கிறோம், கட்டுகிறோம், விட்டுவிடுகிறோம்.

நான் கடலூர்க்காரன். கேப்பர் மலைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் செம்மண் நிலம் உண்டு. அங்கே பொங்கலுக்கென்றே மஞ்சள் போடுவோம். ஆனி, ஆடியில் நட்டால் தை பிறக்கும்போது இடுப்பளவு நின்று, இலை பச்சைப் பசேலென்று இருக்கும். அதை மண்ணோடு பிடுங்கி, அலசி, கட்டாகக் கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்புவோம். கொத்து மஞ்சளில் விலை இலைக்குத்தான். இலை கிழிந்திருந்தால் வாங்க வருகிறவர்கள் தொடக்கூட மாட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பொங்கலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் ஒரு செடியிலும் முழு இலை இல்லை, எல்லாம் நார் நாராகத் தொங்கியது. ஆனால் மண்ணைக் கிளறினால் கிழங்கு அப்படியே கல் மாதிரி இருந்தது. கொத்தாக விற்க முடியாத அந்த மஞ்சளை என்ன செய்வது என்று யோசித்துத்தான், என் அம்மா கொங்குப் பக்கத்து உறவினர் ஒருவரிடம் கேட்டு முதன்முதலாக அதை அவித்தார். எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது அப்படித்தான்.

சரி, முதலில் கையில் இருக்கிற கிழங்கைப் பாருங்கள். மஞ்சளை வேர் என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மையில் அது மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு, பள்ளிப் புத்தகத்தில் வரும் மட்டநிலத்தண்டு. மோதிரம் போட்டது போல வளையம் வளையமாகத் தெரிகிறதே, அவை கணுக்கள். நடுவே குண்டாக இருப்பது தாய்க் கிழங்கு. அதிலிருந்து விரல் விரலாகப் பிரிவதுதான் விரலி. மெல்லிய நூல் மாதிரித் தொங்குபவைதான் வேர், அவற்றைக் கத்தரித்து எறிந்துவிடலாம்.

இந்தச் செடியைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மஞ்சள் பூக்கும். மழைக்காலத்தில் இலைகளுக்கு நடுவே வெள்ளையும் பச்சையுமாக, நுனியில் லேசான ரோஜா நிறத்தோடு ஒரு கதிர் எழும்பும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் விதை பிடிக்காது. இதன் உயிரணுக்களில் மரபுத் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் செடி மலடு. அதனால் இது விதை விழுந்து பரவுவதில்லை. யாரோ ஒருவர் கிழங்கை உடைத்து மறுபடி நட்டால்தான் அடுத்த வருஷம் மஞ்சள் உண்டு. இன்று உங்கள் வீட்டில் இருக்கும் கிழங்கு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, ஒரு வருஷம்கூட விட்டுப்போகாமல் வந்து சேர்ந்தது.

ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மசாலாவுக்குப் போடும் மஞ்சளை எட்டு, ஒன்பது மாதம் விட்டு, இலை பழுத்துக் காய்ந்து சாய்ந்த பிறகுதான் வெட்டுவார்கள். கொத்து மஞ்சள் ஆறு, ஏழு மாதத்திலேயே பிடுங்கப்படுகிறது. முற்றாத கிழங்கில் தண்ணீர் அதிகம். நன்றாக முற்றிய பச்சை மஞ்சளிலேயே ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 200 கிராம்தான் காய்ந்து தேறும். உங்கள் இரண்டு கொத்திலும் சேர்த்து அரை கிலோ கிழங்கு இருந்தால் 70, 80 கிராம் பொடி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வீட்டுக்கு அது சில மாதம் வரும்.

இனி அவிக்கும் முறை. கிழங்கை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, கணு இடுக்கில் இருக்கும் மண்ணைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தோலைச் சீவ வேண்டாம். தாய்க் கிழங்கையும் விரலியையும் தனித்தனியாகப் பிரியுங்கள், ஏனென்றால் குண்டுக்கு வேக அதிக நேரம் பிடிக்கும். அதை இரண்டாகப் பிளந்துவிட்டால் இன்னும் நல்லது. பாத்திரத்தில் கிழங்கு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டுக் கொதிக்கவிடுங்கள். ஈயம் பூசிய பாத்திரமோ நீங்கள் வெள்ளையாகவே வைத்திருக்க ஆசைப்படும் பாத்திரமோ வேண்டாம்.

முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். கடிகாரத்தைவிட மூக்கை நம்புவது நல்லது. முதலில் பச்சை வாசனைதான் வரும், மழைக்குப் பின் கிளறிய மண்ணும் மாங்காய்ப் பாலும் கலந்தது போல. அப்புறம் நுரை கட்டும். நுரை அடங்கி வெள்ளை ஆவி வரும்போது வாசனை மாறிவிடும். சாம்பார் கொதிக்கும் வீட்டு வாசலில் நிற்பது போல, நமக்குத் தெரிந்த மஞ்சள் வாசனை வரும். அப்போது ஒரு கிழங்கை எடுத்துத் தென்னை ஈர்க்குச்சியால் குத்துங்கள். தடையில்லாமல் இறங்கினால் உடனே இறக்கி வடித்துவிடுங்கள். அதற்கு மேல் வெந்தால் நிறம் கெடும். வேகாமல் எடுத்தால் காய்ந்தபின் பொடுபொடுவென்று உதிரும், நிறமும் ஓரத்தில் ஒன்றாக நடுவில் ஒன்றாக நிற்கும். வேகும்போது கிழங்கின் மாவுச்சத்து கூழாகி, நிறம் எல்லா இடத்துக்கும் சீராகப் பரவுகிறது. முளைக்கும் உயிரும் அடங்கிவிடுவதால் சீக்கிரம் காய்கிறது. போன வருஷம் உங்கள் பொடியில் இல்லாமல் போனது இந்த ஒரு மணி நேரம்தான்.

காயவைப்பதில்தான் நம் ஊர் வேலை வாங்கும். முழுக் கிழங்கு காய 10 முதல் 15 நாள் ஆகும். தை, மாசியில் பகல் வெயில் நன்றாக இருக்கும், ஆனால் விடியற்காலையில் பனி இறங்கும், கடற்காற்றிலும் ஈரம் உண்டு. சாயந்திரம் ஐந்து மணிக்கெல்லாம் எடுத்து உள்ளே வைத்து மூடிவிடுங்கள். ஒரு ராத்திரி மறந்து வெளியே விட்டால் பூஞ்சணம் பூத்துவிடும், பூத்ததைத் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது. பிளாஸ்டிக் தாளில் பரப்பாமல் ஓலைப் பாயிலோ துணியிலோ பரப்புங்கள், அடியில் வேர்க்காது. மெல்லிய வில்லையாக நறுக்கிக் காயவைத்தால் நாலைந்து நாளில் காய்ந்துவிடும், ஆனால் மஞ்சளின் நிறம் நேர் வெயிலில் வெளுக்கும். நறுக்கினால் மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிடுங்கள். வேட்டியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் உலர்த்திப் போக்குகிறோமே, அதே வேலையை வெயில் கிழங்கிலும் செய்யும்.

காய்ந்ததா என்று அறிய, ஒரு விரலியை வளைத்துப் பாருங்கள். வளையாமல் படாரென்று உடைந்து, இரண்டு துண்டையும் தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். அப்புறம் சாக்கில் போட்டுத் தேய்த்தால் மேல் தோல் உரிந்து மெருகேறும். இதை நேராக மிக்ஸியில் போட்டால் பிளேடு பாழாகும், கல் மாதிரி இருக்கும். இரும்பு உரலில் போட்டுச் சிறு துண்டாக உடைத்துக்கொண்டு, பிறகு அரைத்துச் சலியுங்கள். அரைத்ததைச் சூடு ஆறவிட்டு, வெளிச்சம் படாத டப்பாவில் வையுங்கள்.

இப்போது நிறத்துக்கு வருவோம். உங்கள் பொடி கடைப்பொடி அளவுக்குப் பளிச்சென்று இருக்காது, வேகவைத்தாலும் இருக்காது. அதற்கு நேர்மையான காரணங்கள் உண்டு. மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளிலிருந்து வருகிறது. அது எல்லா ரகத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளில் ஏறக்குறைய 3 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கோழிக்கோட்டு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரதிபா ரகத்தில் 6 சதவீதத்துக்கு மேல். ஆலப்புழை மஞ்சளும் மேகாலயாவின் லக்கடாங் மஞ்சளும் அந்த வரிசையில்தான் வரும், அவற்றின் பொடி ஆரஞ்சு சாயலில் இருக்கும். நம் கொத்து மஞ்சள் இலைக்காக வளர்க்கப்பட்டு, முற்றும் முன்பே பிடுங்கப்பட்டது. அதில் நிறம் குறைவாக இருப்பது இயல்பு.

மஞ்சளை நிறத்தை வைத்து வாங்கும் பழக்கம்தான் நமக்குக் கெடுதல் செய்கிறது என்பது என் திடமான எண்ணம். வாங்குகிறவர் பளிச்சென்று கேட்டால், விற்கிறவர் பளிச்சென்று ஆக்கித் தரப் பார்ப்பார். மெட்டானில் மஞ்சள் என்ற துணிச்சாயத்தைச் சேர்ப்பது ஒரு வழி. அதைவிட மோசம் லெட் குரோமேட். அது பெயிண்டுக்குப் போடும் ஈய உப்பு, மெருகேற்றும்போது விரலியின் மேல் பூசுவார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும், அதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வங்கதேசத்தில் இந்தப் பழக்கம் 1980களில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு தொடங்கியது என்கிறார்கள் அதை ஆராய்ந்தவர்கள். மஞ்சள் நனைந்து மங்கிப்போனது, மங்கியதை விற்க இதைப் பூசினார்கள், பூசியதற்கே கண் பழகிவிட்டது. 2019இல் அங்கே சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு இறங்கிச் சோதனையும் அபராதமும் போட்டபின் 2021இல் அது பூஜ்யமாகிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் வந்தது. வெள்ளமும் புயலும் நமக்கும் புதிதல்ல. 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் போல வயலில் தண்ணீர் நின்றால் மஞ்சள் கிழங்கு தாங்காது, அழுகத் தொடங்கிவிடும்.

அதனால் பொடியாக வாங்குவதைவிட விரலியாக வாங்கி அரைப்பது நல்லது என்பேன். விரலியை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். போட்ட உடனே கோடு கோடாக மஞ்சள் இறங்கினால் மேலே ஏதோ பூசியிருக்கிறார்கள். நல்ல விரலியில் அப்படி இறங்காது. பொடி என்றால் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் தூவி அசையாமல் விடுங்கள். நல்ல பொடி அடியில் படிந்து தண்ணீர் வெளிர் மஞ்சளாக நிற்கும். தண்ணீர் அடர்த்தியான நிறமாக மாறினால் சாயம். இவை சந்தேகத்தை எழுப்பத்தான் உதவும், ஈயம் இல்லை என்று உறுதியாகச் சொல்லப் பரிசோதனைக் கூடம்தான் வேண்டும். அயோடின் சொட்டுவிட்டு நீலமானால் மாவுக் கலப்படம் என்று சொல்லித் திரிகிறார்களே, அதை நம்பாதீர்கள். மஞ்சளிலேயே மாவுச்சத்து உண்டு, சுத்தமான மஞ்சளும் நீலமாகத்தான் ஆகும்.

நான் பார்ப்பது மணத்தை. மஞ்சளின் மணம் குர்குமினிலிருந்து வருவதில்லை, டர்மெரோன் என்ற எண்ணெய்ப் பொருள்களிலிருந்து வருகிறது. பழைய பொடியில் நிறம் அப்படியே இருக்கும், எண்ணெய் ஆவியாகி மணம் போயிருக்கும். உங்கள் வீட்டுப் பொடி மங்கலாக இருந்தாலும் டப்பாவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடிக்கும். குழம்பில் நமக்கு வேண்டியது அதுதான்.

சமையலில் போடும்போது ஒன்று கவனியுங்கள். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தாளித்து வெங்காயம் வதங்கும்போதே எண்ணெயில் போட்டால் ஒரு சிட்டிகை செய்வதை, கொதிக்கும் குழம்பில் மேலே தூவினால் அரை ஸ்பூன்கூடச் செய்யாது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2007இல் பார்த்தார்கள்: வேகவைக்கும்போது குர்குமினில் 27 முதல் 53 சதவீதம் வரை போய்விடுகிறது, பிரஷர் குக்கரில் பத்து நிமிடம் வைப்பதில்தான் இழப்பு அதிகம். ஆனால் புளி சேர்ந்தபோது இழப்பு 12 முதல் 30 சதவீதத்துக்குள் நின்றுவிட்டது. இதைப் படித்தபோது நம் மீன் குழம்பை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். துறைமுகத்தில் வாங்கிய சங்கராவை உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, புளிக் கரைசலில் கொதிக்கவிடுகிற வீட்டில் மஞ்சள் வீணாவதில்லை.

மீன் குழம்பு என்றதும் வடகத்தைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் பொடியில் கொஞ்சத்தைச் சித்திரைக்கு எடுத்து வையுங்கள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நறுக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு போட்டு, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருண்டை பிடிக்கிற தாளிப்பு வடகம் நம் இரண்டு ஊரிலும் வீட்டுக்கு வீடு உண்டு. பகலெல்லாம் மொட்டை மாடியில் காயும். சாயந்திரம் உதிர்த்து, பிசைந்து, மறுபடி உருட்டுவோம். அந்த எண்ணெயிலும் வெங்காயச் சாற்றிலும் மஞ்சள் ஊறி, உருண்டை கரும்பழுப்பாக மாறியிருந்தாலும் தாளிக்கும்போது எண்ணெய் பொன்னிறமாக வரும். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு இதன் ருசி பிடித்துப்போய், வடகம் என்ற சொல்லே அவர்கள் வாயில் வடூவான் ஆகிவிட்டது. இன்றைக்கும் பிரெஞ்சுச் சமையலில் அந்தப் பெயரில் ஒரு மசாலா உண்டு, உருண்டையாக இல்லாமல் உதிரியாக.

பச்சையாகவும் போடலாம். சுண்டுவிரல் நுனியளவு கிழங்கைத் தோல் சீவித் துருவினால் நாலு பேர் ரசத்துக்குப் போதும். பச்சை மஞ்சளை இஞ்சியோடு மெல்லிய குச்சியாக நறுக்கி, எலுமிச்சைச் சாறும் உப்பும் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தால் தயிர் சாதத்துக்கு அவ்வளவு பொருத்தம். கையில் ஒட்டிய நிறத்துக்கு முதலில் எண்ணெய் தேய்த்துத் துடையுங்கள். சோப்பு போட்டால் மஞ்சள் சிவப்பாக மாறிப் பயமுறுத்தும். சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் பட்டால் மஞ்சள் சிவக்கும், ஆலத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்ததும் ரத்தச் சிவப்பாகிறதே, அதே காரணம். இலையையும் எறிய வேண்டாம். கொங்கணக் கடற்கரையில் அதில் பூரணம் வைத்து மடித்துப் பதோளி என்ற கொழுக்கட்டை அவிக்கிறார்கள். நம் வீட்டில் மீனைச் சுற்றிக் கல்லில் போட்டுப் பார்த்தோம், நன்றாகவே இருந்தது.

கஸ்தூரி மஞ்சள் வேறு செடி, உள்ளே வெளிறி, கற்பூர வாசனையோடு இருக்கும். அது பூசத்தான், குழம்புக்கு வேண்டாம்.

மருந்து என்று நினைத்துக் கேட்டிருந்தால் சுருக்கமாகச் சொல்கிறேன். மிளகு சேர்த்தால் குர்குமின் உடம்பில் இருபது மடங்கு சேரும் என்று பரவலாகச் சொல்வது 1998இல் பெங்களூரில் செய்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. அதில் கொடுத்தது 2 கிராம் குர்குமின். 3 சதவீத மஞ்சளில் அதை எடுக்க 65 கிராமுக்கு மேல் பொடி வேண்டும், யாரும் ஒரு வேளைக்கு அவ்வளவு சாப்பிடுவதில்லை. குழம்பில் போடும் மஞ்சள் சாப்பாடு, அதைப் பயமில்லாமல் சாப்பிடுங்கள். மாத்திரையாக விற்கும் குர்குமின் வேறு சங்கதி. சிலருக்கு அதனால் ஈரல் பாதித்தது மருத்துவர்களால் பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் பித்தப்பைக் கல் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் அவித்துவிடாதீர்கள். கண் தெரிகிற நல்ல விரலி நாலைந்தை எடுத்து, காய்ந்த மணலில் புதைத்து நிழலில் வையுங்கள். சித்திரை கடைசியில் கண்ணில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். வைகாசியில் அகலமான தொட்டியோ பையோ எடுத்து, பாதி மண், பாதி மக்கிய எருவும் மணலும் கலந்து நிரப்பி, முளை மேல் பார்க்க மூன்று விரற்கடை ஆழத்தில் நடுங்கள். மாடியில் முழு வெயில் வேண்டியதில்லை, முருங்கை நிழல் போல அரை நிழலிலும் நன்றாக வரும். தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். பொங்கலுக்கு ஒரு செடியை மட்டும் பிடுங்கிப் பானைக்குக் கட்டிக்கொண்டு, மற்றதை மாசியில் இலை பழுத்துச் சாயும் வரை விட்டுவைத்தால் முற்றிய மஞ்சளே உங்களுக்குக் கிடைக்கும். நட்டபின் முளை மண்ணுக்கு மேல் வர மூன்று, நான்கு வாரம் ஆகும். அதற்குள் உயிர் இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்காதீர்கள், முளை ஒடிந்துவிடும்.